புதுப்பிப்பு: முறிந்த கோடரிப்பிடி

போன மாதம் புல்லுமலைப் பக்கம் தீத்தடுப்புக் கோடு வெட்டும்போது கடையில் வாங்கிய பிடி தலைக்குக் கீழே முறிந்தது, இனி என்ன மரம் போடலாம் என்று கேட்டிருந்தேன் இல்லையா. விண்ணாங்கு போடச் சொன்ன அண்ணன்மாருக்கு நன்றி. நன்றாகக் காய்ந்த துண்டு எடுத்து, அடிமுனையில் மர இழை கோடரி வாயின் திசையிலேயே ஓடுகிறதா என்று பார்த்துத்தான் செதுக்கினேன். முறிந்த பிடியில் இழை குறுக்கே ஓடியிருந்தது, பெயின்ட் மறைத்துவிட்டது. ஆப்பு இறுக்கி, ஆளிவிதை எண்ணெய் மூன்று தரம் பூசினேன். மூன்று கிழமை வேலைக்கும் அசையவில்லை. அப்புறம், தலை ஆடினால் தண்ணீரில் ஊறப்போடாதீங்க, மரம் வீங்கி அன்றைக்கு இறுகும், வறண்ட கச்சான் காற்றில் காய்ந்ததும் முன்பைவிட லூசாகி, பக்கத்தில் வெட்டுகிறவன் மேல்தான் கழன்று போய் விழும். புது ஆப்பு அடிங்க.