பொருளாதாரம் தடுமாறும்போது பென்னி பங்குகளை வைத்திருப்பது சரியா?

நெடும்பொறுமை எழுதியது:

கடந்த இரண்டு ஆண்டுகளில் ஆறு சிறிய நிறுவனங்களின் பென்னி பங்குகளை, அதாவது மிகக் குறைந்த விலையில் விற்கும் பங்குகளை, வாங்கி வைத்திருக்கிறேன். அவற்றுள் இரண்டு மருந்து ஆராய்ச்சியில் ஈடுபட்டிருப்பவை. ஒன்று கனிமம் தேடுவது. ஒன்று மின்கல உதிரிபாகங்கள் செய்வது. மற்ற இரண்டும் மென்பொருள் நிறுவனங்கள். என் சேமிப்பில் எட்டில் ஒரு பங்குதான் இவற்றில் இருக்கிறது. கடன் வாங்கிப் போட்ட பணம் அல்ல. அடுத்த பத்து ஆண்டுகளுக்கு அது எனக்குத் தேவைப்படவும் போவதில்லை. இன்று அதன் மதிப்பு போட்டதில் 40 சதவீதமாகக் குறைந்துவிட்டது. வட்டி விகிதம் எந்தப் பக்கம் போகும், வணிகம் சுருங்குமா விரியுமா என்று யாருக்கும் தெரியாத இந்த நேரத்தில், கிடைத்ததை வாங்கிக்கொண்டு வெளியேறும்படி நெருங்கியவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். நான் உடன்படவில்லை. காரணத்தை இங்கே வைக்கிறேன். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தயங்காமல் பதில் எழுத வேண்டும்.

சந்தை விழும்போது இத்தகைய பங்குகளே ஆழமாக விழுகின்றன. மீளும்போது பெரும்பாலும் இவையே வேகமாக எழுகின்றன. 2009 மார்ச்சிலும் 2020 மார்ச்சிலும் அமெரிக்கச் சந்தை அடிமட்டத்தைத் தொட்டுத் திரும்பியபோது, வேலையிழப்பு பற்றிய செய்திகள் இன்னும் மோசமாகிக்கொண்டுதான் இருந்தன. நிலைமை தெளியட்டும் என்று ஒதுங்கி நின்றவர்கள், தெளிந்தபோது கூடுதல் விலை கொடுத்துத்தான் உள்ளே வர முடிந்தது. மேலும், நான் இழக்கக்கூடியது போட்ட பணம் மட்டுமே. பெறக்கூடியதற்கு அப்படி ஓர் எல்லை கிடையாது. ஆறில் ஒன்று வாங்கிய விலையைப் போலப் பத்து மடங்கானால் மற்ற ஐந்தும் முற்றாக அழிந்தாலும் எனக்கு நட்டமில்லை. இப்போது விற்றால், தாளில் இருக்கும் நட்டத்தை நானே நிரந்தரமாக்கிக்கொள்வதாகத்தானே பொருள்?

கணக்கேடு எழுதியது:

உங்கள் கடைசி வாக்கியத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் மற்ற எல்லாம் அதன்மேல்தான் நிற்கின்றன. நட்டம் விற்கும் நாளில் பிறப்பதில்லை. விலை இறங்கிய நாளிலேயே அது நடந்து முடிந்துவிட்டது. விற்பனைச் சீட்டு அதை உறுதிப்படுத்துகிறதே தவிர உண்டாக்குவதில்லை. இலாபத்தில் உள்ளதைச் சீக்கிரம் விற்றுவிட்டு, நட்டத்தில் உள்ளதை விடாமல் பிடித்துக்கொள்ளும் மனித இயல்பை ஹெர்ஷ் ஷெஃப்ரின், மெயர் ஸ்டாட்மன் என்னும் இரு பொருளியலாளர்கள் 1985இலேயே எடுத்துக்காட்டினார்கள். நீங்கள் வாங்கிய விலை உங்களுக்கு மட்டுமே தெரிந்த ஓர் எண். அந்த நிறுவனத்துக்கும் சந்தைக்கும் அதனோடு எந்தத் தொடர்பும் இல்லை. ஆகவே, இந்த ஆறின் இன்றைய மதிப்பு முழுவதும் ரொக்கமாக உங்கள் கையில் இருந்தால், இன்று காலை இதே ஆறையும் இதே அளவில் வாங்குவீர்களா? வாங்க மாட்டீர்கள் என்றால், வைத்திருப்பதற்கும் காரணம் இல்லை.

அடுத்து, இங்கே அதிகம் பேசப்படாத ஒன்று. சிறு நிறுவனங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்வதே பல ஆண்டுகளாக என் தொழில். பொருளாதாரம் இறுகும்போது அவற்றை முதலில் கொல்வது விற்பனைக் குறைவு அன்று. கடன் கதவு மூடப்படுவதுதான். பெரிய நிறுவனத்துக்கு நல்ல காலத்திலேயே வங்கியோடு செய்துகொண்ட கடன் உடன்படிக்கை இருக்கும், பல ஆண்டுகளுக்கு நிலையான வட்டியில் வெளியிட்ட கடன் பத்திரங்கள் இருக்கும். சிறிய நிறுவனத்தின் கடன் பெரும்பாலும் மாறும் வட்டியில் இருக்கிறது. அமெரிக்க மத்திய வங்கி 2022 மார்ச்சில் பூச்சியத்தை ஒட்டியிருந்த வட்டியை 2023 ஜூலைக்குள் 5.25 முதல் 5.50 சதவீதம் வரை உயர்த்தியபோது, அந்தச் சுமை முதலில் இப்படிப்பட்டவர்கள் தலையில்தான் விழுந்தது. கடன் கிடைக்காவிட்டால் அவர்களுக்கு மீதமிருக்கும் வழி புதிய பங்குகளை வெளியிடுவது மட்டுமே. அதுவும் விலை மிகவும் தாழ்ந்திருக்கும் அதே நேரத்தில்.

ஒரு நிறுவனத்தில் 1 கோடிப் பங்குகள் இருந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். பிழைத்திருப்பதற்காக அது இன்னும் 2 கோடிப் பங்குகளை அடிமாட்டு விலைக்கு விற்கிறது. பிறகு நல்ல காலம் வந்து, நிறுவனத்தின் மொத்த மதிப்பு பழைய உயரத்தை முழுமையாக எட்டிவிடுகிறது. அப்போதும் உங்கள் பங்கின் விலை பழைய விலையில் மூன்றில் ஒரு பங்குதான். நிறுவனம் மீண்டுவிட்டது, நீங்கள் மீளவில்லை. பென்னி பங்குகளில் பொறுமைக்குப் பலன் கிடைக்காமல் போவதற்கு, நான் பார்த்தவரை, திவாலைவிட இதுவே பெரிய காரணம்.

மழைக்குருவி எழுதியது:

கணக்கேடு ஐயாவின் எச்சரிக்கையை மதிக்கிறேன். ஆனால் அவர் ஒரு பக்கத்தை மட்டும் காட்டுகிறார். 2008 நவம்பரில் ஃபோர்டு மோட்டார் பங்கு ஏறத்தாழ 1 டாலருக்கு வந்தது. அடுத்த ஆண்டு முடிவில் அது 10 டாலரில் நின்றது. ஹெர்ட்ஸ் என்னும் வாடகைக் கார் நிறுவனம் 2020 மே 22 அன்று திவால் மனு போட்டது. பங்கு 1 டாலருக்கும் கீழே சரிந்தது. அதை வாங்கியவர்களை எல்லோரும் அறிவிலிகள் என்றார்கள். 2021 ஜூனில் அந்த நிறுவனம் திவாலிலிருந்து வெளிவந்தபோது, பழைய பங்குதாரர்கள் கைவிடப்படவில்லை. ரொக்கமாகவும், புதிய பங்கு வாங்கும் உரிமையாகவும் பங்கு ஒன்றுக்கு 7 டாலருக்கும் மேற்பட்ட மதிப்பைப் பெற்றார்கள். விற்றுவிட்டு ஓடியவருக்கு அதில் எதுவும் இல்லை.

சந்தையை நடத்துபவர்களே நெருக்கடிக் கால விலையை முழுவதுமாக நம்புவதில்லை என்பதையும் பாருங்கள். நாஸ்டாக் என்னும் அமெரிக்கப் பங்குச் சந்தையில் ஒரு பங்கு தொடர்ந்து 30 வணிக நாட்கள் 1 டாலருக்குக் கீழே இருந்தால், பட்டியலிலிருந்து நீக்க நேரும் என்று நோட்டீஸ் வரும். சரிசெய்யப் பொதுவாக 180 நாட்கள் தரப்படும். 2001, 2008, 2020 ஆகிய மூன்று நெருக்கடிகளிலும் அந்த விதியையோ அதன் கெடுவையோ தற்காலிகமாக நிறுத்திவைத்தார்கள். அச்சத்தால் விழுந்த விலை நிறுவனத்தின் தகுதியை அளக்காது என்பதை ஒப்புக்கொண்டதாகத்தான் இதை நான் படிக்கிறேன்.

பேராசிரியர் ஹென்ட்ரிக் பெசம்பைண்டர் 2018இல் வெளியிட்ட ஆய்வையும் சொல்ல வேண்டும். 1926 முதல் 2016 வரை அமெரிக்கச் சந்தை உருவாக்கிய நிகரச் செல்வம் முழுவதற்கும் சுமார் 4 சதவீத நிறுவனங்களே காரணம் என்று அவர் கண்டார். அந்தச் சிலவற்றுள் ஒன்று கையில் இருக்கும்போது அதை விட்டுவிடாமல் இருப்பதுதான் முதலீட்டாளரின் வேலை.

கணக்கேடு எழுதியது:

அதே ஆய்வில் இன்னொரு முடிவும் இருக்கிறது. ஒரு பங்கின் ஆயுள் முழுவதற்குமான வருவாயை எடுத்துக்கொண்டால், வேறு எந்த ஒரு முடிவையும்விட அதிகமான பங்குகளுக்கு நேர்ந்தது முழு இழப்பு, அதாவது ஏறத்தாழ நூற்றுக்கு நூறு நட்டம். பாதிக்கு மேற்பட்ட பங்குகள் ஒரு மாத அரசுக் கருவூலப் பத்திரம் தரும் வட்டியைக்கூடத் தரவில்லை. 4 சதவீதம் என்பதை நம் நண்பரின் ஆறுக்குப் பொருத்திப் பார்ப்போம். கண்ணை மூடிக்கொண்டு ஆறு பங்குகளை எடுத்தால், அவற்றுள் ஒன்றாவது அந்த 4 சதவீதத்தில் இருக்க 22 சதவீத வாய்ப்பு இருக்கிறது. ஒன்றும் இல்லாமல் போக 78 சதவீத வாய்ப்பு. அதுவும் எல்லா வகை நிறுவனங்களையும் சேர்த்துப் போட்ட கணக்கு. வருமானமே தொடங்காத பென்னி நிறுவனங்களை மட்டும் எடுத்தால் நிலைமை இதைவிட மோசமாக இருக்கும் என்றே கருதுகிறேன்.

ஃபோர்டு கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். நெருக்கடி வருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, 2006 இறுதியில், அந்த நிறுவனம் தொழிற்சாலைகள் முதல் தன் நீல வட்டச் சின்னம் வரை அடகு வைத்து 2,300 கோடி டாலருக்கும் மேல் கடன் திரட்டிக் கையில் வைத்துக்கொண்டது. ஜெனரல் மோட்டார்ஸிடம் அப்படிப்பட்ட இருப்பு இல்லை. 2009 ஜூன் 1 அன்று அது திவாலானது, பழைய பங்குதாரர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. ஒரே நாடு, ஒரே தொழில், ஒரே நெருக்கடி. அடிமட்ட விலையில் வாங்கி ஒரே பொறுமையோடு வைத்திருந்தவர்களில், ஃபோர்டை வைத்திருந்தவர்கள் பத்து மடங்கு பெற்றார்கள், ஜெனரல் மோட்டார்ஸை வைத்திருந்தவர்கள் எல்லாவற்றையும் இழந்தார்கள். ஆகவே முடிவைத் தீர்மானித்தது பொறுமை அன்று. கல்லாவில் இருந்த பணம்.

ஹெர்ட்ஸ் உண்மையிலேயே விதிவிலக்கு, மறுக்க மாட்டேன். ஆனால் அங்கேயும் நிறுவனத்திடம் விற்றுப் பணமாக்கக்கூடிய கார்கள் இருந்தன, பழைய கார்களின் விலை எதிர்பாராமல் ஏறியது, வாங்க வந்த முதலீட்டுக் குழுக்கள் ஒன்றுக்கொன்று போட்டியிட்டன. திவாலில் பங்குதாரர் வரிசையில் கடைசி ஆள். பிணையுள்ள கடன், ஊழியர் சம்பளம், வரி, பிணையில்லாக் கடன், முன்னுரிமைப் பங்கு எல்லாம் தீர்ந்த பிறகுதான் அவர் முறை வரும். மருந்து ஆராய்ச்சி நிறுவனம் மூடப்பட்டால் விற்பதற்கு என்ன இருக்கும்? சில காப்புரிமைகளும் ஆய்வகச் சாமான்களும்தான்.

தனிவழி எழுதியது:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். என் அனுபவத்தை எழுதுவது யாருக்காவது பயன்படலாம். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். விலை பாதியானபோது மேலும் வாங்கி ஆவரேஜ் செய்தேன். மீண்டும் பாதியானபோது மீண்டும் வாங்கினேன். சராசரி விலை குறைந்துகொண்டே வந்ததைப் பார்த்து, என் நிலை மேம்படுவதாக நம்பினேன். உண்மையில், குறைந்தது விலை மட்டுமே. அந்த ஒரே நிறுவனத்தில் மாட்டிக்கொண்ட என் பணம் கூடிக்கொண்டே போனது. பிறகு இருபது பங்குகளை ஒன்றாக்கினார்கள். திரையில் விலை உயர்ந்து தெரிந்ததும் ஒரு நாள் மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் என்னிடம் இருந்த பங்குகளின் எண்ணிக்கை இருபதில் ஒன்றாகிவிட்டிருந்தது, சில மாதங்களில் அந்த விலையும் பழையபடி இறங்கியது.

கடைசியில் விற்றுவிடலாம் என்று முடிவு செய்த நாளில் வாங்குவதற்கு ஆள் இல்லை. பென்னி பங்குகளைப் பற்றி எனக்கு யாரும் சொல்லாத பாடம் அதுதான். திரையில் தெரியும் விலை, யாரோ ஒருவர் சில நூறு பங்குகளுக்குக் கொடுத்த விலை. என்னிடம் இருந்த அளவை விற்க முயன்றபோது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இருந்த இடைவெளியே மிச்சத்தில் ஐந்தில் ஒரு பகுதியைத் தின்றுவிடும் போலிருந்தது. நாளைக்குப் பார்க்கலாம் என்று காத்திருந்தேன். பின்னர் வர்த்தகமே நிறுத்தப்பட்டது.

நெடும்பொறுமை எழுதியது:

தனிவழி, மனம் திறந்து எழுதியதற்கு நன்றி. இரண்டு நாட்கள் செலவிட்டு ஆறு நிறுவனங்களின் காலாண்டு அறிக்கைகளையும் மறுபடி படித்தேன். வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், வாங்கும்போது இலாபநட்டக் கணக்கைப் பார்த்தேனே தவிர, பணப்புழக்க அறிக்கையைப் பார்க்கவில்லை. கையிருப்பை மாதச் செலவால் வகுத்துப் பார்த்தேன். மின்கல உதிரிபாக நிறுவனத்துக்குக் கடனே இல்லை. செயல்பாட்டிலிருந்து சிறிதளவு பணமும் வருகிறது. மென்பொருள் நிறுவனம் ஒன்றுக்கு 31 மாதங்களுக்குப் போதுமான கையிருப்பு இருக்கிறது. கனிம நிறுவனத்துக்கு 5 மாதம். மருந்து நிறுவனங்களில் ஒன்றுக்கு 14 மாதம், மற்றொன்றுக்கு 4 மாதம். அந்த இரண்டாவதில் பங்குகளின் எண்ணிக்கை நான் வாங்கிய நாளிலிருந்து ஏறத்தாழ இரட்டிப்பாகிவிட்டது. மீதியுள்ள மென்பொருள் நிறுவனம் தன் அறிக்கையையே இன்னும் தாக்கல் செய்யவில்லை.

இருந்தாலும் என் அடிப்படை நிலைப்பாட்டை மாற்றிக்கொள்ளவில்லை. முதல் இரண்டையும் எவ்வளவு மோசமான காலமானாலும் வைத்திருப்பேன். பொருளாதாரம் பயமுறுத்துகிறது என்பதற்காக அவற்றை விற்பது தவறு என்றே இன்னும் நினைக்கிறேன்.

கணக்கேடு எழுதியது:

அந்த இரண்டில் எனக்கும் உங்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பத்து ஆண்டு பொறுமையை 4 மாதக் கையிருப்பு உள்ள நிறுவனத்தின்மேல் செலவிடாதீர்கள் என்பதே என் வாதம். அறிக்கை தராத நிறுவனத்தைப் பற்றி மட்டும் சற்றுக் கடுமையாகச் சொல்கிறேன்: காரணம் எதுவானாலும், கணக்குக் காட்டாதவரிடம் பணத்தை விட்டுவைக்கக் கூடாது.

மழைக்குருவி எழுதியது:

எனக்கு ஓர் உறுத்தல் இருக்கிறது. 14 மாதம் உள்ள மருந்து நிறுவனத்தை எந்தப் பக்கம் சேர்ப்பீர்கள்? மருத்துவச் சோதனை முடிவு அதற்குள் வரலாம். வந்து நல்லதாக இருந்தால் பங்கு ஒரே நாளில் பல மடங்காகும், நிதியும் நல்ல விலையில் கிடைக்கும். கையிருப்பை மட்டும் அளவுகோலாக்கினால் இப்படிப்பட்ட வாய்ப்புகளை எல்லாம் முன்கூட்டியே கைகழுவிவிடுவோம்.

கணக்கேடு எழுதியது:

நியாயமான கேள்வி. சோதனை முடிவு எப்போது வரும் என்று பெரும்பாலும் நிறுவனமே அறிவித்திருக்கும். அந்த நாள் கையிருப்பு தீர்வதற்கு நன்கு முன்னதாக இருந்தால், இழக்கத் தயாராக இருக்கும் அளவுக்கு வைத்திருப்பதில் தவறில்லை. பின்னதாக இருந்தால், முடிவு வருவதற்கு முன்பே புதிய பங்குகள் வந்துவிடும். உங்கள் பங்கு அதற்குள் நீர்த்துப்போயிருக்கும்.

நெடும்பொறுமை எழுதியது:

பார்த்தேன், முடிவு 9 மாதங்களில் வர வேண்டும். அதில் பாதியை வைத்துக்கொள்கிறேன். கனிம நிறுவனம், 4 மாதக் கையிருப்புள்ள மருந்து நிறுவனம், அறிக்கை தராத மென்பொருள் நிறுவனம் ஆகிய மூன்றையும் விற்க இன்று காலை ஆர்டர் போட்டேன். முதல் இரண்டும் விற்றுவிட்டன. மூன்றாவதில், சந்தை மூடும்போது ஐந்தில் ஒரு பகுதிதான் போயிருந்தது. மீதியை நாளை சற்று இறக்கிய விலையில் மறுபடி போட வேண்டும்.