மறு: ‘வேலிக்கம்பப் பிழை’க்குப் பதில் ‘கணுப்பிழை’?

எல்லோருக்கும் வணக்கம். நிரலாக்கச் சொற்களைத் தமிழாக்கும்போது ‘ஃபென்ஸ்போஸ்ட் எரர்’ என்பதற்கு ‘வேலிக்கம்பப் பிழை’ வேண்டாம், ‘கணுப்பிழை’ என்று வைக்கலாம் என்கிறேன். இடைவெளிகளின் எண்ணிக்கையையும் அவற்றின் எல்லையில் நிற்கும் கம்பங்களின் எண்ணிக்கையையும் ஒன்றாகக் கொள்வதே அந்தப் பிழை. எண்ணிக்கை ஒன்று கூடியோ குறைந்தோ போகும் ‘ஆஃப்-பை-ஒன்’ பிழைகளில் அது ஒரு வகை. வந்த கேள்விகளுக்கு என் பதில் இதோ.

> ஆஃப்-பை-ஒன் வகையெல்லாவற்றுக்கும் ‘ஓரெண் பிழை’ போதுமே. ஃபென்ஸ்போஸ்டுக்கு எதற்குத் தனிச்சொல்?

போன வாரம் வழுநீக்கிய ஒரு மடக்கைக் (லூப், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் நிரல்துண்டு) காட்டினால் விளங்கும். 10 மீட்டர் உத்திரம், இரு முனையிலும் எளிய தாங்கி (உத்திரம் இறுக்கப்படாமல் மேலே அமர்ந்திருக்கும்), மீட்டருக்கு 4 கிலோநியூட்டன் சீரான பாரம். 0.1 மீட்டருக்கு ஒரு புள்ளி வைத்து பெண்டிங் மொமெண்ட் (உத்திரத்தை வளைக்கும் திருப்புவிசை) வரைபடம் போட வேண்டும். எழுதிய தம்பி 10-ஐ 0.1-ஆல் வகுத்தார், 100 வந்தது, பைத்தானில் ரேஞ்ச்(100) என்று, அதாவது 0 முதல் 99 வரை, மடக்கை ஓட்டிவிட்டார். இடப்பக்கம் கோடு சுழியில் தொடங்கியது. வலப்பக்கமோ 9.9 மீட்டரில், 1.98 கிலோநியூட்டன்-மீட்டர் மதிப்பில், அந்தரத்தில் நின்றது. எளிய தாங்கியின் மேல் மொமெண்ட் சுழியாக வேண்டும் என்று தெரிந்தவர் கண்ணை இது உடனே உறுத்தும்.

திருத்துகிறேன் என்று நம்பையின் (பைத்தானின் எண்கணக்கு நூலகம்) லின்ஸ்பேஸுக்குப் போனார்: தொடக்கம் 0, முடிவு 10, புள்ளிகள் 100. கோடு இரு முனையிலும் சுழியைத் தொட்டது. படம் அழகாக இருந்தது, வழுவும் பத்திரமாக இருந்தது. லின்ஸ்பேஸ் கடைசிப் புள்ளியையும் சேர்த்துக்கொள்ளும். ஆகவே 100 புள்ளிக்கு 99 இடைவெளிதான், ஒவ்வொன்றும் 0.1 அல்ல, 0.10101. நட்டநடுவான 5 மீட்டர் பட்டியலிலேயே இல்லை. அதனால் உச்சம் 50 என்று வராமல் 49.995 என்று அச்சானது. ‘ஏதோ தசமக் கோளாறு’ என்று விட்டுவிடத்தான் யாருக்கும் தோன்றும். (தசமத்துக்கும் அந்தக் கெட்ட பெயர் சும்மா வரவில்லை, கணினி 0.1 போன்ற எண்களைத் தோராயமாகவே வைத்திருக்கும்: சுழியில் தொடங்கி 0.1-ஐப் பத்து முறை கூட்டினால் 0.9999999999999999 வரும், ‘1-க்குக் கீழே இருக்கும் மட்டும் சுற்று’ என்ற மடக்கு பதினோராம் சுற்றும் சுற்றும். ஆனால் இங்கே குற்றவாளி அது இல்லை.) 101 என்று மாற்றியதும் சரியானது.

இரண்டு முறையும் நடந்தது ஒன்றே. இடைவெளியை எண்ணிவிட்டு அதையே புள்ளிகளின் எண்ணிக்கையாகக் கொண்டார். ‘ஓரெண் பிழை’ என்ற சொல் எவ்வளவு பிசகியது என்று மட்டும் சொல்கிறது. எதை எதுவாக மயங்கினோம் என்று சொல்லவில்லை. பொதுவகைக்கு அது இருக்கட்டும்.

‘வேலிக்கம்பப் பிழை’ ஏன் வேண்டாம்? டெல்டாக்காரர் காதில் வேலி என்றால் முதலில் 20 மா கொண்ட நில அளவுதான் விழும், ஏதோ பத்திரத்தில் அளவு தப்பியது போல. கொங்குப் பக்கத்தில் செடியே வேலியாக நிற்கும் கிளுவை வேலியிலோ கம்பமும் இல்லை, இடைவெளியும் இல்லை.

கரும்பைப் பாருங்கள். கணு, இரு கணுவுக்கு நடுவே கணுவிடை என்று இரண்டுக்கும் பெயர் ஏற்கெனவே இருக்கிறது. 10 கணுவிடை உள்ள துண்டை இரு முனையிலும் கணு நிற்கும்படி வெட்டினால் 11 கணு. ஒரு முனைக் கணுவைத் தள்ளி வெட்டினால் 10. இரண்டையும் தள்ளினால் 9. முதலாவது லின்ஸ்பேஸ், இரண்டாவது ரேஞ்ச். மூன்றாவது, தாங்கிப் புள்ளிகளை விட்டு உட்புள்ளிகளை மட்டும் கணக்கிடும் மடக்கு. ஒரே உவமையில் மூன்றும் அடங்குவதுதான் எனக்குப் பிடித்தது.

> கணு என்பதை நோடுக்கு வைத்திருக்கிறோம். குழம்பாதா?

குழம்பாது, கைகொடுக்கும் என்றே நினைக்கிறேன். ஃபைனைட் எலிமென்ட் கணக்கில், அதாவது ஒரு பொருளைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணிக்கும் முறையில், ஒரு கோட்டை 10 எலிமென்டாகப் (துண்டாகப்) பிரித்தால், துண்டின் இரு முனையில் மட்டும் நோடு (புள்ளி) இருக்கும் நேரியல் வகையில், 11 நோடு. அங்கே எலிமென்டை எண்ணி நோடுகளின் அணியை ஒதுக்குகிறவர் செய்வதும் இதே பிழைதான்.

இன்னொன்று. நம் தமிழாக்க ஆவணத்தில் ரேஞ்ச்(100)-ஐ ‘100 வரை’ என்று பெயர்த்திருக்கிறோம். ‘பத்து வரை எண்ணு’ என்றால் குழந்தை பத்தையும் சொல்லும். பைத்தான் சொல்லாது. ‘100-க்கு முன் வரை’ என்று மாற்றிவிடலாமா?

‘கணுவழு’ என்ற பரிந்துரையையும் பார்த்தேன். நிரலில் கிடப்பது வழு, எண்ணியவர் செய்தது பிழை. நான் பெயரிடப் பார்ப்பது பின்னதற்கு என்பதால் ‘கணுப்பிழை’ பக்கமே நிற்கிறேன். ஆனால் ‘கணுவிடை’யில் பாடப்புத்தக வாடை அடிக்கிறது. கரும்புக்காட்டில் வேலை செய்தவர்கள் யாராவது இங்கே இருந்தால், உங்கள் ஊரில் அந்த இடைப்பகுதியை என்ன சொல்லி அழைப்பார்கள் என்று எழுதுங்கள்.