பொது வார்டிலிருந்து பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு: நேர்காணலுக்கு எப்படித் தயாராவது?

கேள்வி

பெரியவர்களுக்கான அறுவை சிகிச்சை வார்டில் ஆறு ஆண்டுகளாகச் செவிலியராகப் பணியாற்றி வருகிறேன். இப்போது வேறொரு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் உள்ள பணியிடத்துக்கு நேர்காணலுக்கு அழைத்திருக்கிறார்கள். கையில் 12 நாள்கள் இருக்கின்றன. பயிற்சிக் காலத்தில் இரண்டு வாரங்கள் அந்தப் பிரிவில் இருந்ததைத் தவிர எனக்கு அங்கே அனுபவம் இல்லை. சென்ற ஆண்டு இன்னொரு நேர்காணலில், நான் கையாண்டிராத ஒரு கருவியைப் பற்றிக் கேட்டபோது தெரிந்தவள்போல் பேசத் தொடங்கி, அடுத்த கேள்விக்கே விடையின்றி நின்றேன். அது மீண்டும் நேரக் கூடாது. எதைப் படிக்க வேண்டும், என் அனுபவத்தை அவர்கள் முன் எப்படி எடுத்துவைக்க வேண்டும் என்று அந்தப் பிரிவில் இருப்பவர்கள் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1

சிஸ்டர், இந்தப் பிரிவில் 14 ஆண்டுகளாக இருக்கிறேன். நேர்காணல் குழுவிலும் பலமுறை அமர்ந்திருக்கிறேன். வேறு துறையிலிருந்து வருபவரிடம் வென்டிலேட்டரின் ஒவ்வொரு அமைப்பையும் நாங்கள் கேட்பதில்லை, அதைச் சேர்ந்த பிறகு கற்றுத்தருவோம். பெரியவர்களிடம் சரியாக இருந்த ஒரு பழக்கம் பச்சிளங்குழந்தையிடம் எங்கே தீங்காக முடியும் என்று அவரால் யோசிக்க முடிகிறதா என்பதையே கவனிப்போம்.

ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளுங்கள். சாச்சுரேஷன், அதாவது இரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவு, 82 சதவீதம் என்று மானிட்டர் அலறினால், உங்கள் வார்டில் கை தானாகவே ஆக்சிஜனைக் கூட்டப் போகும். இங்கே முதலில் குழந்தையைப் பார்க்க வேண்டும்: மார்பு அசைகிறதா, நிறம் எப்படி இருக்கிறது, மூச்சு நின்றிருந்தால் மென்மையாகத் தூண்டியவுடன் திரும்புகிறதா, அந்த அளவைக் காட்டக் காலில் கட்டிய உணரி (புரோப்) நழுவியிருக்கிறதா என்று. ஆக்சிஜனைக் கூட்ட நேர்ந்தாலும், நிலை சீரானதும் குறைக்க மறக்கக் கூடாது. குறைமாதக் குழந்தைக்கு அளவுக்கு மிஞ்சிய ஆக்சிஜன் விழித்திரையைப் பாதிக்கும். ஆக்சிஜன் பெறும் குறைமாதக் குழந்தைகளுக்குப் பல பிரிவுகளில் 90 முதல் 95 வரை என்று இலக்கு வைத்திருப்பது அதனால்தான்.

நோய்த்தொற்றும் அப்படித்தான். காய்ச்சல் வரட்டும் என்று காத்திருந்தால் காலம் கடந்துவிடும். உடல் வெப்பம் குறைவது, நேற்று நன்றாகப் பால் குடித்த குழந்தை இன்று சோர்ந்து கிடப்பது, அடிக்கடி மூச்சு நிற்பது ஆகியவையே பெரும்பாலும் முதல் அறிகுறிகள். ஒரு கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் மொத்த இரத்தமே ஏறத்தாழ 80 முதல் 90 மில்லிதான் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், பரிசோதனைக்கு எடுக்கும் ஒவ்வொரு மில்லியையும் நாங்கள் ஏன் குறித்துவைக்கிறோம் என்பது விளங்கும். மருந்துக் கணக்கில் ஒரு புள்ளி இடம் மாறினால் அளவு பத்து மடங்காகிவிடும். ஆகவே கணக்குக் கேள்வி ஒன்றைப் பெரும்பாலும் எதிர்பார்க்கலாம். கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்ற முறையில் தினமும் பத்துக் கணக்குகளைக் கையால் போட்டுப் பழகுங்கள்.

மறுமொழி 2

பெரியவர்களுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து நானும் இங்கே மாறி வந்தவள். என் முதல் நேர்காணலில், இந்தத் துறை ஏன் என்று கேட்டபோது குழந்தைகள் என்றால் எனக்கு உயிர் என்று சொன்னேன். குழுவினர் புன்னகைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள், வேலை கிடைக்கவில்லை. அடுத்த முறை, என் வார்டில் இரவு 2 மணிக்கு ஒரு நோயாளியின் சிறுநீர் அளவு குறைந்து வருவதைக் கண்டு, மருத்துவர் முதலில் தயங்கியபோதும் எண்களோடு மீண்டும் அழைத்து அவரை வரச்செய்த நிகழ்ச்சியைச் சொன்னேன். சிறு மாற்றத்தைக் கவனிப்பதும், கவனித்ததை விடாமல் எடுத்துச் சொல்வதும்தான் அவர்கள் தேடியவை. அறுவை சிகிச்சை வார்டில் உங்களிடம் அத்தகைய நிகழ்ச்சிகள் நிச்சயம் இருக்கும். இரண்டை மட்டும் தேர்ந்து, நோயாளியின் அடையாளம் வெளிப்படாதபடி சொல்லிப் பழகுங்கள்.

பெற்றோரைப் பற்றிய கேள்வியை யாரும் போதிய அளவு தயார் செய்வதில்லை. தன் குழந்தையைத் தொடவே அஞ்சி இன்குபேட்டருக்கு வெளியே நிற்கும் தாயிடம் என்ன சொல்வீர்கள் என்று கேட்பார்கள். கையை எங்கே வைக்கலாம் என்று காட்டுவது, நிலை அனுமதித்தால் தாயின் நெஞ்சோடு தோல்பட அணைக்கும் கங்காரு பராமரிப்புக்கு உதவுவது என்று செய்யக்கூடியதைச் சொல்லுங்கள். எல்லாம் சரியாகிவிடும் என்ற வாக்குறுதியை மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

மறுமொழி 3

முன்னவர்கள் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் சில எண்களை மனப்பாடமாகவே வைத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. இதயம் நின்றவரை மீட்க மார்பை அழுத்தி மூச்சு கொடுக்கும்போது, பெரியவர்களுக்கு 30 அழுத்தங்களுக்கு 2 மூச்சு என்று பழகியிருப்பீர்கள். பிறந்த குழந்தைக்கு 3 அழுத்தங்களுக்கு 1 மூச்சு, அதாவது நிமிடத்துக்கு 90 அழுத்தங்களும் 30 மூச்சுகளும். மார்பு அசையும்படி குறைந்தது 30 விநாடிகள் மூச்சு கொடுத்த பிறகும் இதயத்துடிப்பு 60-க்குக் கீழே இருந்தால்தான் அழுத்தத்தையே தொடங்குகிறோம், ஏனெனில் இங்கே இதயம் தளர்வதற்குப் பெரும்பாலும் மூச்சே காரணம். அந்தக் காரணத்தையும் சேர்த்துச் சொல்பவரை எந்தக் குழுவும் கவனிக்கும். கூடவே, தனியாகக் குழந்தைகளை ஒப்படைப்பதற்கு முன் எத்தனை வாரங்கள் மூத்த செவிலியருடன் பணியாற்ற விடுவார்கள் என்று நீங்களும் கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் அந்த இடத்தைப் பற்றி மறுபடி யோசிப்பது நல்லது.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒன்றை மட்டும் கேட்கிறேன்: உண்மையிலேயே தெரியாத கேள்வி வந்தால், சென்ற ஆண்டைப்போல் ஆகாமல் எப்படி விடை சொல்வது?

மறுமொழி 1

தெரியாது என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டு, அந்த நிலையில் அடுத்து என்ன செய்வீர்கள் என்பதைச் சொல்லுங்கள். தொப்புள் இரத்தக்குழாயில் பொருத்திய குழாயைப் பற்றிக் கேட்டால், "அதை நான் கையாண்டதில்லை; மத்திய சிரைக் குழாய்களைப் பராமரித்திருக்கிறேன், ஆகவே இணைப்பு தளர்ந்திருக்கிறதா, இரத்தக் கசிவு இருக்கிறதா என்று பார்ப்பேன், கால்விரல்களின் நிறம் மாறினால் உடனே மூத்த செவிலியரை அழைப்பேன்" என்று சொன்னால் எங்களுக்கு அது போதும். சென்ற ஆண்டு நடந்ததையே அவர்கள் கேட்டாலும் மறைக்க வேண்டாம், சிஸ்டர்.