காரில் இறுகிப்போன தார்ப்புள்ளிகளை அகற்ற வழி கூறுங்கள்

அனைவருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்கு நாள்தோறும் சென்று வரும் எங்கள் வெள்ளைக் காரில், சாலைப் பணி நடந்த இடங்களில் தெறித்த தார், கதவுகளின் கீழ்ப்பகுதியிலும் சக்கரங்களுக்குப் பின்புறமும் கரும்புள்ளிகளாக இறுகிவிட்டது. கார் ஷாம்பு கொண்டு மூன்று முறை கழுவியும் ஒரு புள்ளிகூட அசையவில்லை. மண் துகளோடு அழுத்தித் தேய்த்தால் மேற்பூச்சில் கீறல் விழும் என்பதால் அதற்குமேல் துணியவில்லை. தார் நீரில் கரையாது, எண்ணெயில்தான் இளகும் என்பதால், மண்ணெண்ணெயில் நனைத்த துணியைச் சிறிது நேரம் ஒற்றி வைத்துத் துடைக்கும்படி பக்கத்து வீட்டு அண்ணன் சொல்கிறார். பெயின்ட் மங்காமல் இதைச் செய்ய இயலுமா, அல்லது தார் நீக்கும் திரவமும், பெயின்டில் ஒட்டிய அழுக்கைத் தேய்த்தெடுக்கும் களிமண் போன்ற கட்டியான கிளே பாரும் வாங்குவதே நல்லதா? அப்பா ஓய்வுபெற்றபோது ஆசையாக வாங்கிய வண்டி இது. ஆகவே, தாமே செய்து பார்த்தவர்கள் சற்று விரிவாக எழுதினால் பேருதவியாக இருக்கும்.