புதுப்பிப்பு: செங்கோட்டை நெட்வொர்க் ஸ்விட்ச் பூட் ஆகிவிட்டது

போன வாரம் கேட்டிருந்தது: ஃபர்ம்வேர் (ஸ்விட்சை இயக்கும் மென்பொருள்) மாற்றியபின் 24 போர்ட் ஸ்விட்ச் எழவில்லை, சிஸ்டம் விளக்கு மட்டும் மினுக்குகிறது.

கோளாறு பவர் சப்ளையில் இல்லை. கன்சோலை (கம்ப்யூட்டரை ஸ்விட்சோடு நேராக இணைக்கும் சீரியல் இணைப்பு) வேகம் 9600, 8 பிட், பாரிட்டி இல்லாமல், ஸ்டாப் 1 என்று வைத்ததும் பூட்லோடர் (ஃபர்ம்வேரை ஏற்றிவிடும் சின்ன நிரல்) தெரிந்தது. சாரல் நேரக் கரண்ட் கட்டில் புது இமேஜ் (ஃபர்ம்வேர் ஃபைல்) பாதியில் அறுந்திருக்கிறது. பழையதை முன்பே அழித்தாயிற்று. அதுதான் தப்பு.

எக்ஸ்மோடம்தான் (சீரியல் இணைப்பு வழியே ஃபைல் அனுப்பும் முறை) வழி. 12 எம்பி ஃபைலுக்கு 9600-இல் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். பூட்லோடரிலும் கம்ப்யூட்டரின் டெர்மினலிலும் வேகத்தை 115200 வைத்தால் சுமார் அரை மணி. அனுப்புமுன் ஃபைலின் எம்டி5 (ஃபைல் சிதையவில்லை என்று காட்டும் சரிபார்ப்புக் குறி) ஒத்துப்பாருங்கள். முடிந்ததும் இரண்டையும் 9600-க்குத் திருப்புங்கள். ஒன்றை விட்டாலும் திரையில் கிறுக்கல்தான் வரும், மறுபடி செத்துவிட்டதோ என்று பதறுவீர்கள்.