ஹீட்டர் வால்வை மாற்றுவதா, இரண்டு ஹோஸ்களையும் இணைத்துவிடுவதா?

கேள்வி (ஆயர் ஈத்தாம், பினாங்கு)

வணக்கம். என்னிடம் இருப்பது 1998-இல் தயாரான ஜப்பானியக் கார். இரண்டு மாதங்களாகக் காலையில் ஏர்கோன் நன்றாகக் குளிர்கிறது. இன்ஜின் முழுச் சூட்டுக்கு வந்த பிறகு, அதிலும் மாலையில் பாலத்து நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது, காற்று வெதுவெதுப்பாகிவிடுகிறது. கேஸ் நிரப்பியும் பயனில்லை. ஒரு ஃபோமன் (மெக்கானிக்) ஏர்கோன் கம்ப்ரசரை மாற்ற வேண்டும் என்கிறார். இன்னொருவர், இன்ஜினின் சூடான கூலண்டை (குளிர்விக்கும் திரவத்தை) ஹீட்டருக்குள் விடும் ஹீட்டர் வால்வு முழுமையாக மூடவில்லை என்றும், இந்த ஊரில் யாரும் ஹீட்டர் போடுவதில்லை என்பதால் வால்வை எடுத்துவிட்டு இரண்டு ஹோஸ்களையும் ஒன்றோடொன்று இணைத்துவிடலாம் என்றும் சொல்கிறார். வால்வின் அடியில் கூலண்ட் பச்சையாகக் காய்ந்து படிந்திருக்கிறது. இது அப்பா ஓட்டிய கார். அரைகுறை வேலையாக முடிக்க எனக்கு மனம் வரவில்லை. எது சரி?

பதில் 1 (செந்தூல், கோலாலம்பூர்)

ஐயா, கம்ப்ரசருக்குப் பணம் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். இன்ஜின் சூடானதும் டேஷ்போர்டில் உள்ள வெப்பக் கட்டுப்பாட்டைக் குளிர்ப் பக்கம் முழுவதும் தள்ளி வையுங்கள். பிறகு இன்ஜினை நிறுத்திவிட்டு, வால்வைத் தாண்டி டேஷ்போர்டுக்குள் செல்லும் ஹோஸைக் கவனமாகத் தொட்டுப் பாருங்கள். அது கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டால், சூடான கூலண்ட் ஹீட்டர் கோருக்குள் (டேஷ்போர்டுக்குள் இருக்கும் சிறிய ரேடியேட்டருக்குள்) ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள்; ஏர்கோன் குளிர்விக்கும் காற்றை அந்தக் கோர் மறுபடியும் சூடாக்குகிறது. ஐயம் தீர வேண்டுமானால், துணி சுற்றிய கிளாம்பால் அந்த ஹோஸை நெருக்கிப் பிடித்துப் பத்து நிமிடம் இன்ஜினை ஓட விடுங்கள். குளிர் திரும்பினால் குற்றம் வால்வு பக்கம். திரும்பாவிட்டால், ஏர்கோன் கேஸை ஆறவைக்கும் கண்டென்சரின் மின்விசிறியைப் பாருங்கள், ஏனென்றால் நெரிசலில் மட்டும் குளிர் குறைவதற்கு அதுவும் வழக்கமான காரணம்.

வால்வு பக்கம்தான் என்று தெரிந்த பிறகும், உடனே புதிய வால்வு வாங்கிவிடாதீர்கள். உங்கள் காரில் அது கேபிளால் இயங்குவதாக இருந்தால், கேபிளின் வெளியுறையைப் பிடிக்கும் கிளிப் நழுவியிருந்தாலே போதும், உள்ளே கட்டுப்பாடு முழுவதும் குளிரில் நின்றாலும் வெளியே வால்வு கொஞ்சம் திறந்தபடியே இருக்கும். அதைச் சரிசெய்யக் காசு தேவையில்லை. ஆனால் நீங்கள் சொல்லும் பச்சைக் கறை வால்வின் அச்சு வழியாகக் கசிவதைக் காட்டுகிறது. கசியத் தொடங்கிய வால்வை நான் ஒருபோதும் ஒட்டிச் சமாளிக்க மாட்டேன். பிளாஸ்டிக் உடல் வெப்பத்தில் நொறுங்கிப்போய் நெடுஞ்சாலையில் உடைந்தால், கூலண்ட் முழுவதும் கொட்டி, இன்ஜின் தலையே (சிலிண்டர் ஹெட்) வளைந்துவிடும். பழைய உதிரிபாகக் கடையில் வால்வு வாங்கவும் வேண்டாம். அதுவும் உங்களுடையதைப் போலவே வயதானது.

கழற்றும்போது இன்ஜின் முழுமையாக ஆறியிருக்க வேண்டும். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பாயும். வடியும் கூலண்டைப் பேசினில் பிடித்துவிடுங்கள், அது நஞ்சு, பூனையோ நாயோ நக்கினால் செத்துப்போகும். கோரின் குழாயில் ஒட்டிக்கொண்ட ஹோஸை முறுக்கி இழுக்காமல், நீளவாக்கில் கீறி எடுத்துப் புதிய ஹோஸ் போடுங்கள். குழாய் வளைந்தால் டேஷ்போர்டையே இறக்க வேண்டிவரும். கடைசியாக, கட்டுப்பாட்டைச் சூட்டுப் பக்கம் வைத்து, ரேடியேட்டர் விசிறி சுழலும்வரை இன்ஜினை ஓட விட்டு, காற்றுக் குமிழிகள் வெளியேற வெளியேறக் கூலண்ட் ஊற்றுங்கள்.

பதில் 2 (பிறை)

நான் இரண்டு ஹோஸ்களையும் இணைத்தவன், அதனால் சொல்கிறேன். மூன்று ஆண்டுகள் ஒரு குறையும் தெரியவில்லை. கேமரன் மலையிலிருந்து இரவு மழையில் இறங்கியபோது கண்ணாடியின் உட்புறம் புகைபோல மூடிக்கொண்டது. ஏர்கோன் போட்டால் உள்ளே தெளிந்தது. ஆனால் கண்ணாடி சில்லிட்டு வெளிப்புறத்தில் பனித்தது, பின்னால் இருந்த பிள்ளைகள் நடுங்கினார்கள். அந்த வளைவுகளில் வெதுவெதுப்பான காற்று எவ்வளவு தேவை என்பதை அன்றுதான் உணர்ந்தேன். இங்கே விற்ற சிறிய கார்கள் பலவற்றில் ஹீட்டரே இல்லை என்பது உண்மைதான். ஆனால் இருப்பதைப் பிடுங்குவது வேறு. இணைத்தே ஆக வேண்டுமென்றால் வளையமாக இணையுங்கள், முனைகளை அடைக்காதீர்கள். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் வெப்பத்தை உணர்வது அந்த ஓட்டத்தால்தான்.

பதில் 3 (பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்)

பழைய மெர்சிடிஸ் பென்ஸ் 123, 124 வரிசைக் கார்கள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அவற்றில் பலவற்றின் வால்வு மின்சாரம் வந்தால் மூடும், வராவிட்டால் திறந்தே நிற்கும். ஆகவே ஃபியூஸ் போனாலும், உள்ளிருக்கும் சவ்வு கிழிந்தாலும், நமது வெயிலில் சூடான காற்று வரும். முதலில் மின்சாரம் வருகிறதா என்று அளந்து பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. ஹோஸை நெருக்கிய சில நிமிடங்களில் காற்று குளிர்ந்துவிட்டது. கம்ப்ரசர் நன்றாகவே இருக்கிறது. கேபிளைச் சரிசெய்தும் வால்வு பாதியில் நின்றது. வெட்டிப் பார்த்தபோது உள்ளே வெள்ளைப் படிவு திரண்டிருந்தது, ஏனென்றால் பல ஆண்டுகளாக நாங்கள் குழாய்த் தண்ணீரையே ஊற்றி வந்திருக்கிறோம். புதிய வால்வும் இரண்டு ஹோஸ்களும் போட்டு, கூலண்டையும் காய்ச்சி வடித்த நீரையும் சரிபாதி கலந்து நிரப்பினேன். ஒட்டியிருந்த ஹோஸைக் கீறித்தான் எடுத்தேன். குழாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. இனி மாதம் ஒருமுறை கட்டுப்பாட்டைச் சூட்டுக்கும் குளிருக்கும் தள்ளி வால்வை அசைத்துவிட எண்ணியிருக்கிறேன். அது போதுமா, அடிக்கடி செய்ய வேண்டுமா?

பதில் 1 (செந்தூல், கோலாலம்பூர்)

போதும். ஆனால் இன்ஜின் சூடாக இருக்கும்போது செய்யுங்கள், ஓரிரு நிமிடம் திறந்தும் வையுங்கள். அப்போதுதான் கோரில் தேங்கிய பழைய கூலண்டும் சுழலும்.