2,000 ஆர்பிஎம்மில் கேபினுக்குள் விடாத 'உம்ம்' சத்தம்

வண்டி 1972 செவர்லே சி10 பிக்கப், 350 கன அங்குல வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர். போன மாதம் ஒற்றை சைலன்சரைக் கழற்றி இரட்டை எக்ஸாஸ்ட் போட்டாயிற்று: இருபுறமும் 2.5 அங்குலக் குழாய், தனித்தனி மஃப்ளர், நடுவில் இரண்டையும் இணைக்கும் குறுக்குக்குழாய் (எச் பைப்), பின்சக்கரத்துக்கு அப்பால் புகை வெளியேறும் வாய்.

ஐட்லிங்கில் அருமை. 1,900–2,100 ஆர்பிஎம்முக்குள் (எஞ்சின் நிமிடச் சுற்று) ஒரே வேகத்தில் போனால் பின்கண்ணாடி அதிர, காது அடைக்கிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் மறைகிறது.

குழாயைத் தொங்கவிடும் ஹேங்கர்கள் எல்லாம் ரப்பர்தான். கிளாம்ப்களைத் தளர்த்தி முன்னிருந்து பின்னாக மறுபடி இறுக்கியும் பார்த்தாயிற்று. சேஸிஸில் எங்கும் உரசவில்லை, முக்கால் அங்குலம் இடைவெளி. எஞ்சினோடு குழாய் சேரும் மேனிஃபோல்டில் கசிவும் இல்லை. தரையில் ஒட்டிய சத்தத்தடுப்பு ஷீட் வெறும் தண்டச்செலவு.

2,000இல் எட்டு சிலிண்டரின் வெடிப்பு நொடிக்கு 133 முறை, அதாவது 133 ஹெர்ட்ஸ். அந்த ஒலியை அடக்க, அதன் அலைநீளத்தில் கால் பங்கு நீளமுள்ள, முனை மூடிய கிளைக்குழாய் ஏறக்குறைய 33 அங்குலம் வரும் என்பது என் கணக்கு.

இந்தக் கிளையை மஃப்ளருக்கு முன்னால் வெல்டு செய்வதா, பின்னாலா?